கீழ்க்கை

எங்கள் தையல் கூடத்தில் ஊசி முறிந்தால் முதல் வேலை, மின்விசிறிகளை நிறுத்துவது. காற்றில் நூல் துணுக்குகள் உருளும்போது முறிந்த முனையும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடும். அடுத்து, யார் கையில் முறிந்ததோ அவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து, உட்கார்ந்தபடி அசையாமல் இருக்க வேண்டும். மடியில் இருப்பது தரைக்குப் போகக் கூடாது, தரையில் இருப்பது யார் செருப்பிலும் ஏறக் கூடாது. பிறகு நான் போய்த் துண்டுகளைப் பொறுக்கி, ஒரு வெள்ளை அட்டையில் முனையிலிருந்து காது வரைக்கும் வரிசையாகப் பொருத்தி, மேலே டேப் ஒட்டுவேன். ஊசி முழுசாகச் சேர்ந்த பிறகுதான் விசிறி மறுபடி சுற்றும். அதுவரை ஒருத்தரும் எழுந்திருக்க முடியாது.

நாங்கள் செய்வது கைக்குழந்தைகளின் உடுப்பு. கழுத்துப் பட்டையில் ஒரு சின்னக் கொடி, மார்பில் இரண்டு பூ, எல்லாம் கைவேலை. பெரியவர்கள் சட்டையில் ஊசி முனை இருந்தால் கத்திக்கொண்டே கழற்றி எறிந்துவிடுவார்கள். குழந்தைக்கு அழத்தான் தெரியும். ஏன் அழுகிறது என்று தெரியாமல் பெற்றவள் அதை இன்னும் இறுக்கி அணைப்பாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எங்கள் சூப்பர்வைசர் மேடம் இதை மட்டும்தான் சொல்வார். வேறு எதுவும் சொல்லத் தேவை இருந்ததில்லை.

ஊசிகள் என் பொறுப்பு. காலையில் கொடுத்து, சாயங்காலம் வாங்கி வைக்க வேண்டும். அதனால் எனக்கு ஊசிக்காரி என்று பெயர். பெயர் எப்படி இருந்தால் என்ன, வேலை எனக்குப் பிடிக்கும். பார்ப்பவர்களுக்கு எல்லா ஊசியும் ஒன்றுதான். கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குணம். குறுக்குத் தையலுக்கு மொட்டை முனை. அது இழையைக் குத்தாமல் இழைகளுக்கு நடுவே வழி தேடிப் போகும். கம்பளி நூலுக்கு அகலக் காது. எங்கள் பூ வேலைக்குக் கூர் முனையும் நீளக் காதும் வேண்டும். அதிலும் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், இறங்க இறங்கத் தடிக்கும். புதியவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் கேட்பார்கள்.

நூலுக்கும் ஊசிக்கும் பொருத்தம் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நூலைக் கோத்து, அதன் இரண்டு நுனிகளையும் மேலும் கீழுமாக இழுத்து விறைப்பாகப் பிடிக்க வேண்டும். ஊசி நூல் வழியே மெல்ல வழுக்கி இறங்கினால் ஜோடி சரி. சடாரென்று விழுந்தால் காது பெரிது. துணியில் ஓட்டை நின்றுவிடும். நகராமல் நின்றால் காது சிறிது. ஒவ்வொரு இழுப்பிலும் நூலைச் சுரண்டிப் பஞ்சாக்கிவிடும். நூல் காதில் நுழைய அடம்பிடித்தால் நூலைத் திட்டுவதில் பயனில்லை, ஊசியைத் திருப்பிப் பிடித்தால் போதும். காதை ஒரு பக்கமிருந்து குத்தித்தான் செய்கிறார்கள். குத்திய பக்கம் வழவழப்பாக இருக்கும். இதைச் சொன்னால் எல்லோரும் ஒரு கணம் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, திருப்பிக் கோத்துப் பார்த்து, சிரிப்பார்கள்.

இனி என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. என்னைக் கூடத்தில் சேர்த்துவிட்டதும் அக்காதான். எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை. அவர் கணவர் லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அதனால் அக்காவின் பேச்சுத் துணை, சண்டைத் துணை இரண்டும் நான்தான்.

கூடத்தில் அவருடையதுதான் முதல் கை. நிரப்புத் தையலில் அவர் போட்ட இதழைத் தடவினால் ஒரு இழைகூட விரலில் தட்டாது, தண்ணீரைத் தடவுவதுபோல இருக்கும். அந்த வழவழப்பு எங்கிருந்து வருகிறது என்று பலரும் அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் இடது கையைப் பார்ப்பேன். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி வேலை செய்யும்போது ஒரு கை மேலே, ஒரு கை கீழே. மேல்கைக்குக் கண் துணை உண்டு. கீழ்க்கைக்குக் கண் கிடையாது. துணிக்கு அடியில் அது இருட்டில் காத்திருந்து, இறங்கும் முனையை நடுவிரல் நுனியால் மட்டும் தொட்டு, வாங்கி, சரியான இழைக்குக் கீழே கொண்டுபோய் மேலே அனுப்ப வேண்டும். தொட வேண்டும், ஆனால் குத்திக்கொள்ளக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அகலம்தான் இந்தத் தொழில்.

கொஞ்ச காலமாக அக்கா என்னிடம் தடித்த ஊசியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் பத்தாம் நம்பரை விட்டு ஒன்பது. பிறகு எட்டு. பிறகு ஏழு.

"இந்தத் துணிக்கு ஏழு ரொம்பத் தடிசுக்கா. ஓட்டை தெரியும்."

"உனக்குத் தெரியும், எனக்குக் காது தெரியல. பெருசா ஒண்ணு குடு."

"கண் டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னா கேக்கறீங்களா?"

"போனா கண்ணாடி போடச் சொல்வான். கண்ணாடி போட்டா, 'வயசாச்சு, போய் மடிக்கிற மேஜைல உக்காரு'ன்னு மேடம் சொல்வாங்க. மடிச்சு மடிச்சுப் பெட்டில போடறதுக்காடி நான் பொறந்தேன்? குடு, குடு."

சட்டத்தில் அவருக்கு இருந்த அந்த இடம் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயம் எல்லாம். நான் ஏழாம் நம்பரைக் கண்ணாடித் துண்டில் உருட்டி, வளைவு இல்லை என்று பார்த்துக் கொடுத்தேன்.

அது முறிந்தது ஒரு முற்பகலில். பஞ்சு வைத்து உயர்த்திய பூ, அதற்கு அடியில் கழுத்துத் தையலின் மடிப்பு. அந்த இடத்தில் துணி நாலைந்து அடுக்கு. மேலிருந்து விரலுறை போட்ட விரல் தள்ள, கீழிருந்து இன்னொரு விரல் எதிரே முட்டுக்கொடுக்க, 'டிக்'கென்று சின்னச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எங்கள் கூடத்தில் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து உட்காருவார்கள்.

"யாருது?" என்றார் சூப்பர்வைசர்.

"என்னுதுதான்," என்று அக்கா கைகளை மேஜைமேல் வைத்தார்.

விசிறிகள் நின்றன. அக்காவுக்கு எதிரே உட்காரும் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தும் பொத்தான் இல்லாத ரேடியோ. "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். அக்கா உடைச்சா என்ன குடம் மேடம்?" என்றாள்.

"வாய மூடிட்டுக் கீழ பாரு."

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுத்தான் பாக்கறேன். ஊசிக்குக் காது இருக்கில்ல மேடம், நம்ம பேசறதக் கேட்டு ஒளிஞ்சுக்குது."

காதோடு கூடிய பெரிய துண்டு துணியிலேயே நின்றிருந்தது. நடுத்துண்டு மடியில் கிடந்தது. முனை இல்லை. எள்ளில் பாதி இருக்கும் அளவு.

தேடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் மடி, பிறகு மேஜை, பிறகு தரை, கடைசியில் ஆள். கோலில் கட்டிய காந்தத்தைத் தரையில் இழுத்தேன். பழைய குண்டூசி ஒன்றும் துரு ஒட்டிய நூலும் வந்தன. எல்லோரும் காலைத் தூக்கிக் காட்ட, செருப்பின் அடியைப் பார்த்தேன். நூல் குப்பையைக் கொட்டிக் கிளறினேன். அக்காவின் தலைமுடியைக்கூட வாரிப் பார்த்தோம்.

"பேனு இருந்தா அதையும் எடுத்துடு, ஒரே செலவுல முடியட்டும்," என்றார் அக்கா. சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

மிச்சம் இருந்தது உடுப்பு. அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஊசித் துண்டைக் கண்டுபிடிக்கும் மெஷினுக்குக் கொண்டுபோனோம். சின்னச் சுரங்கம் போல ஒரு பெட்டி, அதன் ஊடே ஓடும் ஒரு பட்டை. பெட்டிக்குள் காந்தப் புலம் அமைதியாக நிற்கிறது. பித்தளைப் பொத்தானையோ அலுமினியத்தையோ அது கண்டுகொள்ளாது. இரும்பு ஒரு துளி நுழைந்தாலும் அந்த அமைதி கலையும். உடனே சிவப்பு விளக்கு எரியும், மெஷின் அலறும், பட்டை பின்னால் ஓடும். உடுப்பை வைத்தோம். சத்தமில்லாமல் உள்ளே போனது. திருப்பி வைத்தோம், மடித்து வைத்தோம். சத்தமே இல்லை.

"உடுப்பு சுத்தம்," என்றார் சூப்பர்வைசர். "அப்ப முனை எங்க?"

"எங்கயாச்சும் பறந்திருக்கும் மேடம். எவ்வளவு நேரம்தான் இப்படியே நிக்கறது? குடுங்க, அந்த இதழப் பிரிச்சுப் போடணும்." அக்காவுக்கு எப்போதும் அவசரம்தான். சுரங்க வாய்க்குள் இடது கையை விட்டு உடுப்பை இழுத்தார்.

மெஷின் அலறியது.

எல்லோரும் துள்ளிவிட்டோம். சூப்பர்வைசர் உடுப்பைப் பிடுங்கி மறுபடி வைத்தார். சத்தம் இல்லை. அக்கா கையை நீட்டினார். அலறல்.

"அக்காவுக்கு இரும்பு மனசுன்னு நான் அப்பவே சொல்லல?" என்றாள் ரேடியோ. அவள் குரலிலேயே பாதி சிரிப்புதான் இருந்தது.

"மோதிரம், வளையல் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல மேடம். வாசல்லயே கழட்டிட்டுத்தானே வரோம்."

"வலது கைய வைங்க."

மெஷின் பேசவில்லை.

"இப்ப இடது."

அலறியது.

நான் அக்காவின் இடது கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். நடுவிரல் நுனி பல வருடக் காய்ப்பால் தோல் தடித்து மஞ்சளாக இருந்தது. அதன் நடுவே ஒரு கருப்புப் புள்ளி, மச்சம் போல. சாமணத்தால் இழுத்தேன், வரவில்லை. புது ஊசி ஒன்றை மருந்தில் துடைத்து, காய்ப்பைக் கீறித் திறந்தேன். முனை நேர்குத்தாக இறங்கியிருந்தது. காய்ப்பைத் தாண்டிச் சதைக்குள் தோண்ட வேண்டியிருந்தது. ரத்தம் வந்தது. புள்ளி ரத்தத்தில் மறைந்ததால் இரண்டு தடவை தப்பான இடத்தில் குத்திவிட்டேன்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பி சூப்பர்வைசரிடம் பேசிக்கொண்டிருந்தார். "முழுசும் பிரிக்க வேணாம் மேடம். மூணாவது இதழ மட்டும் பிரிச்சாப் போதும். பஞ்சு அப்படியே இருக்கட்டும். அரை மணியில முடிச்சுடுவேன்."

"அக்கா," என்றாள் ரேடியோ. "வலிக்கலியா?"

"எது?"

அக்கா திரும்பித் தன் விரலைப் பார்த்தார். ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. நான் சாமணத்தில் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அட்டையில் மூன்று துண்டும் சேர்ந்து ஊசி முழுசானது. விதிப்படி விசிறியைப் போடலாம். போட யாரும் எழுந்திருக்கவில்லை.

பத்து, ஒன்பது, எட்டு, ஏழு என்று அவர் இறங்கி வந்த படிகள் எனக்கு அப்போதுதான் புரிந்தன. தடித்த கம்பி விரலில் கொஞ்சம் பலமாக முட்டும். மெல்லிய ஊசி வந்ததே தெரியாத விரலுக்குத் தடித்த ஊசி வந்தது மட்டும் ஏதோ மங்கலாகத் தெரிந்திருக்கும். பிறகு அதுவும் தெரியாமல் போயிருக்கும். கண் மங்கியிருந்தால் மேல்பக்கத்தில் ஒரு தையலாவது கோணியிருக்க வேண்டுமே! ஒன்றுகூடக் கோணவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "எப்பலேருந்து?"

"குளிர்ல மரத்துப் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் வெயில் வந்துச்சு. கைக்கு மட்டும் வரல."

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"உன்கிட்ட சொன்னா நீ ஊசி குடுத்திருப்பியா?"

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை என்றார்கள். இன்று நேற்று வந்ததல்ல, வருடக்கணக்காகச் சத்தம் போடாமல் உள்ளே குடியிருந்திருக்கிறது. டாக்டர் சின்ன வயதுக்காரி, பொறுமையானவள். மேஜையிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்தாள். அதன் நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு நைலான் நரம்பு. அதைத் தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட பாரம் வந்ததும் வளைந்துவிடும்; யார் அழுத்தினாலும், எவ்வளவு அழுத்தினாலும் அதற்குமேல் பாரம் ஏறாது. அதனால் எல்லா ஆளுக்கும் ஒரே அளவு தொடுதல். இவ்வளவு எளிமையான, இவ்வளவு நேர்மையான கருவியை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்திலும் அதை வாங்கிப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது.

"கண்ண மூடிக்கோங்கம்மா. தொடறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க. கால்லேருந்து ஆரம்பிக்கலாம். செருப்பக் கழட்டுங்க."

"கைதானே டாக்டர் பிரச்சனை?"

"கழட்டுங்கம்மா."

வலது காலில் அக்கா துணி சுற்றியிருந்தார். செருப்பு கடித்த புண் என்று வீட்டில் சொல்லியிருந்தார். டாக்டர் அதை அப்போது அவிழ்க்கவில்லை. இடது காலில் ஆரம்பித்தாள். பெருவிரல், சுண்டு விரல், உள்ளங்கால், குதிகால். நரம்பு ஒவ்வொரு இடத்திலும் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கவனமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலியா டாக்டர்?" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

பிறகு எனக்கு விளக்கினாள். சர்க்கரை நரம்பைத் தின்னும்போது நீளமான நரம்பிலிருந்துதான் தொடங்கும். உடம்பிலேயே நீளமானது இடுப்பிலிருந்து கால் விரலுக்குப் போவது. அது முடிந்து முழங்கால் வரை ஏறி வரும்போதுதான் கை விரல்களில் ஆரம்பிக்கும். ஆகவே ஒருவருக்குக் கை மரத்தது என்றால் கால் எப்போதோ மரத்துவிட்டது என்று அர்த்தம். எத்தனை நல்ல ஒழுங்கு! கேட்கும்போது என் மனசு ஒரு பக்கம் அதை வியந்தது. இன்னொரு பக்கம், வலது காலின் துணியை நர்ஸ் அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்றம் முதலில் வந்தது. புண்ணுக்குள் அக்கா அடைத்து வைத்திருந்தது எங்கள் கூடத்துப் பஞ்சு, பூவை உயர்த்த வைக்கும் அதே பஞ்சு.

அந்தக் காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மிச்சக் காலைக் காப்பாற்றிவிட்டோம் என்றார்கள். கையைப் பற்றிக் கேட்டேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இதோடு நிற்கலாம், போன உணர்வு திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னாள். "காயம் பட்டா இவங்களுக்குத் தெரியாது. தெரியாத காயம்தான் சீழ் வைக்கும். கால்ல பாத்தீங்கல்ல? அதேதான் கையிலயும். கூர்மையானது, சூடானது எதையும் கண்ணால பாக்காம தொடக் கூடாது."

கண்ணால் பார்க்காமல் தொடுவதுதான் கீழ்க்கையின் வேலை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

காயம் ஆறி, அக்கா ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்ததும் கூடத்துக்குத் திரும்பும் பேச்சை எடுத்தார். நான் சூப்பர்வைசரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத்தனை வருஷம் உழைச்சவங்க. நான் வேணாம்னு சொன்னா அந்தப் பாவம் என் தலையில. மடிக்கிற மேஜைல எப்பவும் இடம் உண்டு. ஆனா சட்டத்துல உக்காரணும்னா ஊசி வேணும், ஊசி குடுக்கறது நீங்க. குடுத்தா உக்காரட்டும்."

பாவத்தை என் தலைக்கு மாற்றிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், யாருடைய தலையிலாவது அது விழத்தானே வேண்டும்.

இதை எப்படி வீட்டில் சொல்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ரேடியோ முன்பே ஒலிபரப்பிவிட்டாள்.

"அப்ப இனிமே நீதான் எனக்கு எஜமானி," என்றார் அக்கா. விடுமுறை நாள் மத்தியானம், சமையலறை மேஜை. வெளிச்சம் நன்றாக இருந்தது. "உன்ன அங்க கொண்டுபோய்ச் சேத்தது யாருடி?"

"நீங்கதான்க்கா."

"நூல் முடிச்சுப் போடத் தெரியுமா உனக்கு அப்ப?"

"தெரியாது."

"சிரங்கு புடிச்ச கையும் இரும்பு புடிச்ச கையும் சும்மா இருக்காதுன்னு சொல்வாங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல நான் போர்வைலயே விரலால பூப் போட்டுட்டு இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி பைத்தியம்னு நெனச்சுட்டா." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன வட்டச் சட்டத்தை எடுத்தார். வெள்ளைத் துணி, உள்ளுக்கு ஒரு அடுக்கு, இரண்டையும் சேர்த்து முரசு போல இழுத்துக் கட்டியிருந்தார். "நீ ஒண்ணும் சும்மா குடுக்க வேணாம். நான் ஒரு இதழ் போடறேன். பாரு. நல்லா இருந்தா குடு. இல்லன்னா நான் வாயே தெறக்க மாட்டேன்."

"டாக்டர் சொன்னது..."

"டாக்டருக்கு நிரப்புத் தையல் தெரியுமா? பத்தாம் நம்பர் குடு."

"பத்தா? ஏழு தரேன்."

"பத்து."

என் ஊசிப் பெட்டி வீட்டிலும் ஒன்று உண்டு. கம்பளித் துணி மடிப்புக்குள் நம்பர் வாரியாகக் குத்தி வைத்திருப்பேன். கம்பளி காற்றின் ஈரத்தைத் தான் வாங்கிக்கொண்டு ஊசியைக் காய வைக்கும். பத்தாம் நம்பர்களில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றைக் கண்ணாடியில் உருட்டினேன், லேசாகத் தத்தியது, தள்ளி வைத்தேன். இன்னொன்றின் முனையைப் பட்டுத் துணியில் இழுத்தேன், இழை சிக்கியது, தள்ளி வைத்தேன். மூன்றாவது நேராக உருண்டது, பட்டில் சத்தமில்லாமல் போனது. என்னிடம் இருந்ததிலேயே நல்ல ஊசி. நூலைக் கோத்து இழுத்துப் பிடித்தேன். ஊசி மெல்ல இறங்கியது.

அக்கா வாங்கிக்கொண்டார். பிடிக்கும்போது விரல்களைக் கண்ணால் பார்த்துத்தான் பிடித்தார். சட்டத்தை மடிக்கும் மேஜை விளிம்புக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்தினார். அதற்கப்புறம் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று ஓட ஆரம்பித்தது. நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். முதல் தையல், இரண்டாவது, அதை ஒட்டி அடுத்தது. தடுமாற்றமே இல்லை. பழக்கம் எலும்பில் இருக்கிறது போலும். மேலே ஊசி இறங்கியது, கொஞ்ச நேரம் இருட்டில் காணாமல் போனது, சரியாக முந்தைய இழையின் தோளில் தலை நீட்டியது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். இதழின் ஒரு ஓரம் முடிந்தது. நடு நிரம்பியது. அக்காவின் முகம் பல மாதங்களாக நான் பார்க்காத முகமாக இருந்தது.

"கொடுத்துவிடலாம்," என்று எனக்குத் தோன்றிவிட்டது. மனசு நிறைய ஆசையோடு தோன்றியது.

கடைசித் தையலைப் போட்டு, ஊசியைத் துணியிலேயே நிறுத்தி, சட்டத்தை மேஜைமேல் வைத்தார். "தடவிப் பாரு."

தடவினேன். இழை தட்டவில்லை. தண்ணீர் போல இருந்தது.

"என்ன? இப்ப சொல்லு. ஊசி இடம் குடுக்குதா, இல்லியா?"

நான் சட்டத்தைத் திருப்பினேன். வேலையைப் பின்பக்கம் பார்ப்பது என் வழக்கம், வேறு எதையும் நினைத்துத் திருப்பவில்லை.

பின்பக்கம் சிவப்பாக இருந்தது. இதழின் அடியிலும் சுற்றிலும், விரல் பட்ட இடமெல்லாம். சில இடம் புதுச் சிவப்பு, சில இடம் காய ஆரம்பித்த பழுப்பு. தொடுவதற்கும் குத்திக்கொள்வதற்கும் நடுவில் இருந்த அந்த அகலம் இப்போது இல்லை. ஒவ்வொரு தையலுக்கும் முனை விரலுக்குள் இறங்கி, எலும்புப் பக்கம் எங்கேயோ முட்டிய பிறகுதான் ஊசி வந்துவிட்டது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. உள் அடுக்கு ரத்தத்தை வாங்கிக்கொண்டதால் மேல் துணிக்கு இன்னும் வந்து சேரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வர ஆரம்பித்தது. நான் சட்டத்தை மறுபடி திருப்பியபோது இதழின் நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு மங்கல் ஏறியிருந்தது.

அக்கா அதைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் இருந்த தன் இடது கையை மெல்ல வெளியே எடுத்து, வேறு யாருடையதோ போல மேஜைமேல் வைத்தார். நடுவிரலும் மோதிர விரலும் பொடிப்பொடியாகக் குத்துப்பட்டுச் சிவந்திருந்தன. மடியிலும் சொட்டியிருந்தது.

பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"நல்லாத்தானே வந்துச்சு," என்றார் கடைசியில்.

"நல்லாத்தான் வந்துச்சுக்கா."

"நீ மேடத்துகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அக்கா, நான் எப்படி..."

"கேளுடி முழுசா. நீ சொன்னா நீ தடுத்தேன்னு ஆகும். நாளைக்கு ரேடியோ அதையே ஊர் முழுக்கப் பாடுவா. அப்புறம் நானும் அதையே நம்பிடுவேன். நம்ம ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைக்கணும்." துணியில் நின்ற ஊசியை வலது கையால் உருவி என் பக்கம் தள்ளினார். "மடிக்கிற மேஜைல எடம் கேட்டு நானே பேசிக்கறேன்."

நான் எழுந்து கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். மருந்தையும் துணியையும் தேடி எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா கையை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டார். அது கலங்கிச் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் கழுவும்போது கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்.

"இது பச்சத் தண்ணியா, சுடுதண்ணியா?"

"பச்சத் தண்ணிதான்க்கா," என்றேன்.